மானுடவாத உளவியலும் மனித ஊக்கமும்: வேலூர்ப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் ஆகிய ஊர்களில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கும், காலணித் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கும், அவ்வப்போது பெற்றோர்களுக்கும் உளவியல் வகுப்பு எடுத்துவருகிறேன். பாடநூலில் உள்ள வரிசை எதுவாக இருந்தாலும், மக்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுள் அதிகம் கேட்கப்பட்டவற்றையும், என்னால் இயன்ற விடைகளையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

மானுடவாத உளவியல் என்பது எது? அது ஏன் தோன்றியது?

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்க உளவியலில் இரண்டு போக்குகள் ஓங்கி நின்றன. வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு தொடங்கிய உளப்பகுப்பாய்வு, மனிதன் தானே அறியாத ஆசைகளாலும் சிறுவயதில் தீராமல் நின்றுபோன மோதல்களாலும் இயக்கப்படுகிறான் என்றது. 1913இல் ஜான் வாட்சன் அறிவித்து, பின்னர் பி. எஃப். ஸ்கின்னர் விரிவாக்கிய நடத்தைவாதமோ, மனத்துக்குள் நடப்பதை விட்டுவிட்டு வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளக்க வேண்டும் என்றும், அந்த நடத்தையைச் சூழல் தரும் பலன்களே செதுக்குகின்றன என்றும் சொன்னது. முதற்போக்கு நோயாளியின் படுக்கையிலிருந்தும், இரண்டாம் போக்கு எலியும் புறாவும் இருந்த கூண்டிலிருந்தும் மனிதனைப் பார்த்தன என்று சொன்னால் அது சற்று மிகைதான். ஆயினும் ஆபிரகாம் மாஸ்லோ, கார்ல் ரோஜர்ஸ், ரோலோ மே போன்றோருக்கு இருந்த மனக்குறை ஏறக்குறைய இதுதான். நலமாக வாழும் மனிதன் எப்படி வளர்கிறான், எதைத் தேர்ந்தெடுக்கிறான், அந்தத் தேர்வுக்கு அவன் தரும் பொருள் என்ன என்ற கேள்விகளை இரு போக்குகளுமே போதுமான அளவு கேட்கவில்லை என்று அவர்கள் கருதினார்கள். எனவே தம் போக்கை ‘மூன்றாவது சக்தி’ என்று அழைத்துக்கொண்டார்கள். இதற்கென ஓர் ஆய்விதழ் 1961இல் வந்தது. 1964இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஓல்ட் சேபுரூக் என்ற ஊரில் மாஸ்லோ, ரோஜர்ஸ், மே, கோர்டன் ஆல்போர்ட் உள்ளிட்டோர் கூடிப் பேசினார்கள்.

‘மனிதநேய உளவியல்’ என்று எங்கள் கையேட்டில் உள்ளதே, அது தவறா?

தவறு என்று சொல்ல மாட்டேன். வழிதவற வைக்கும் சொல் என்பேன். மனிதநேயம் என்றால் நமக்கு அன்னதானமும் இரத்ததானமும் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கொள்கையின் மையம் இரக்கம் அன்று, மனிதனை முழுமையாகவும் தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடியவனாகவும் காண்பது. ‘மானுடவியல்’ என்றால் அது வேறொரு துறையின் பெயராகிவிடும். ஆகவே ‘மானுடவாதம்’ என்ற சொல்லையே இங்கு ஆள்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல், மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய மாஸ்லோ உச்சியில் வைத்த தேவைக்கு வழங்கும் ‘தன்னிறைவு’ என்ற சொல்லில் இருக்கிறது. உணவு உற்பத்தியில் நாடு தன்னிறைவு அடைந்தது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அங்கே அதற்குப் பிறரிடம் கையேந்தாத நிலை என்பது பொருள். மாஸ்லோ சொன்னதோ, ஒருவருக்குள் இருக்கும் திறன் வெளிப்பட்டு, அவர் ஆகக்கூடியவராக ஆவது. விதை மரமாவது போன்ற அந்த நிகழ்வைத் ‘தன்மலர்ச்சி’ என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. தேர்வில் மட்டும் கையேட்டில் உள்ள சொல்லையே எழுதுங்கள். விடைத்தாள் திருத்துபவர் என் கட்சியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

மாஸ்லோ யார்?

1908இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், குரங்குகளைக் கொண்டு அன்பின் இயல்பை ஆராய்ந்து பின்னாளில் புகழ்பெற்ற ஹாரி ஹார்லோவின் மாணவராக இருந்து 1934இல் முனைவர் பட்டம் பெற்றார். 1938ஆம் ஆண்டுக் கோடையில் கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் பிளாக்ஃபுட் பழங்குடியினருடன் சில வாரங்கள் தங்கினார். மனப்பாதுகாப்பு உணர்வு அவர்களிடையே பரவலாக இருந்தது அவரை வெகுவாகப் பாதித்தது. 1951 முதல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார், 1970இல் மறைந்தார்.

தேவைப் படிநிலைக் கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1943இல் வெளியான ‘மனித ஊக்கம் பற்றிய ஒரு கோட்பாடு’ என்ற கட்டுரையில் மாஸ்லோ ஐந்து வகைத் தேவைகளைக் குறிப்பிட்டார். பசி, தாகம், உறக்கம் முதலிய உடல் தேவைகள், ஆபத்தில்லாத, ஒழுங்குள்ள வாழ்வுக்கான பாதுகாப்புத் தேவை, அன்பும் உறவும் வேண்டும் தேவை, தன்மதிப்பும் பிறர் தரும் மதிப்பும் வேண்டும் தேவை, இறுதியாகத் தன்மலர்ச்சி. அடிப்படையான தேவை கடுமையாக எழும்போது அது மனத்தை முழுதும் பிடித்துக்கொள்ளும். அது ஓரளவு தணிந்ததும் அடுத்தது தலைதூக்கும். ரொட்டியே இல்லாத நிலையில் மனிதன் ரொட்டிக்காக மட்டுமே வாழ்கிறான் என்பது உண்மைதான் என்று அவர் அதில் எழுதினார். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று நம் வீடுகளில் சொல்வதும் அதையேதான்.

‘ஓரளவு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு தேவை நூறு விழுக்காடு நிறைவேறிய பிறகே அடுத்தது பிறக்கும் என்று மாஸ்லோ சொல்லவில்லை. சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 விழுக்காடும், பாதுகாப்பு 70 விழுக்காடும், அன்பு 50 விழுக்காடும், மதிப்பு 40 விழுக்காடும், தன்மலர்ச்சி 10 விழுக்காடும் நிறைவேறியிருப்பதாகக் கொள்ளலாம் என்று அதே கட்டுரையில் எழுதினார். அந்த எண்கள் அளந்து கண்டவை அல்ல. விளக்கத்துக்காக அவரே எடுத்துக்கொண்டவை. எல்லாத் தேவைகளும் ஒரே மனத்தில், ஒரே நேரத்தில், வெவ்வேறு அளவில் இருக்கின்றன என்பதை உணர்த்தவே அவற்றைத் தந்தார்.

இந்த ஐந்து தேவைகளையும் அடுக்கிக் காட்டும் அந்தப் பிரமிடு?

மாஸ்லோ வரைந்ததல்ல. அவருடைய 1943ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இல்லை, 1954ஆம் ஆண்டு நூலிலும் இல்லை. 1960இல் சார்லஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசகர் ஒரு வணிக இதழில் பணமும் ஊக்கமும் பற்றி எழுதிய கட்டுரையில் அந்த முக்கோண வடிவம் வந்தது. அதன் பிறகு மேலாண்மைப் பாடநூல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. படம் நினைவில் நிற்பதற்கு நல்லது. ஆனால் கோபுரத்தில் ஏறுவதுபோல் ஒரு நிலையை விட்டால்தான் அடுத்த நிலை என்ற எண்ணத்தையும் அது கூடவே விதைத்துவிட்டது.

கீழ்த்தேவைகள் தீராமல் மேல்தேவைகள் எழாது என்பது நம் அனுபவத்துக்குப் பொருந்துகிறதா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விடையைத் தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. வேலூர்க் கோட்டை வரை போனால் போதும்.

1806 ஜூலை 10 அதிகாலையில் அந்தக் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். சம்பளமும் உணவும் தங்குமிடமும் உடையவர்கள். சமயக் குறிகளை அணிவகுப்பில் இட்டுக்கொள்ளக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலால் ஆன குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆணைகள் அவர்களுடைய மனத்தைப் புண்படுத்தின. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தான் குடும்பத்தினரின் இருப்பும் வேறு சில குறைகளும் சேர்ந்துகொண்டன என்பதை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும், ஒரு தலைப்பாகைக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களைப் படிநிலையில் எந்தத் தட்டில் வைப்பது? ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்த அன்று காலையிலேயே அவர்களில் பெருந்தொகையினர் கொல்லப்பட்டார்கள். பாதுகாப்பைக் கைவிட்டு மதிப்பையும் தம் கூட்டத்தோடு இருக்கும் உறவையும் தேர்ந்துகொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாஸ்லோவுக்கு இது தெரியாததல்ல. படிநிலை தலைகீழாகும் இடங்களை 1943ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே பட்டியலிட்டார்; அன்பைவிட மதிப்பை முதலாகக் கொள்பவர்கள், எந்தக் குறையிலும் படைக்கத் துடிக்கும் கலைஞர்கள், ஒரு கொள்கைக்காக அனைத்தையும் இழக்கத் துணிபவர்கள் ஆகியோர் அதில் வருகிறார்கள். பிரமிடுப் படத்தில் அந்தப் பட்டியலுக்கு இடமில்லாமல் போயிற்று.

அன்றாட வாழ்வுக்கு வருவோம். கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்கிறோம். குடிப்பது கூழ்தான், உடுத்துவது கந்தைதான். முதல் தேவையே சரியாக நிறைவேறவில்லை. ஆனாலும் அந்த நிலையிலேயே மானத்தையும் காத்துக்கொள் என்கிறது பழமொழி. மதிப்புத் தேவை மேல்தட்டில் காத்திருக்கவில்லை. குடியாத்தம் பக்கம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு, மகளின் கல்லூரி விடுதிக் கட்டணத்துக்காக இரவிலும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றும் தாய்மார்களை நான் அறிவேன். அவர்களிடம் உங்கள் வாழ்க்கையில் பாதுகாப்பு எத்தனை விழுக்காடு என்று கேட்டால் சிரிப்பார்கள். மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

இதே கருத்துக்கு மற்றொரு சான்று இங்குள்ள மருத்துவமனை வரலாற்றில் இருக்கிறது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறைகளை உருவாக்கினார். கை சரியான சிலர் திரும்பி வந்து, இந்தக் கையைக் காட்டினால் முன்போலப் பிச்சை விழுவதில்லை என்று முறையிட்டார்கள். ஊரில் வேலை தருவோரும் இல்லை, வீடு தருவோரும் இல்லை. ஆகவே அவர்கள் தங்கித் தச்சு முதலிய கைத்தொழில் கற்பதற்காக நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பு அமைக்கப்பட்டது. உடலைச் சரிசெய்துவிட்டால் மற்றவை தாமே வரிசையாக வந்து சேரும் என்ற கணக்கு அங்கே பொய்த்தது. உறவும் தொழிலும் மதிப்பும் இல்லாத இடத்தில், நிமிர்ந்த விரல்களே பிழைப்புக்குத் தடையாயின.

தன்மலர்ச்சி பெரிய மனிதர்களுக்கு மட்டும் உரியதா?

மாஸ்லோ இதற்காக ஆராய்ந்தவர்களில் ஆபிரகாம் லிங்கன், ஐன்ஸ்டைன், எலினார் ரூஸ்வெல்ட், வில்லியம் ஜேம்ஸ், ஸ்பினோசா போன்றோர் இருந்தார்கள். இவர்கள் உண்மையை உள்ளபடி காண்பவர்கள், தம்மையும் பிறரையும் ஏற்பவர்கள், தனிமைக்கு அஞ்சாதவர்கள், பழகிய பொருளிலும் புதுமை காண்பவர்கள் என்று பண்புகளைத் தொகுத்தார். இம்முறையின் பலவீனம் வெளிப்படையானது: தமக்குப் பிடித்த மனிதர்களைத் தாமே தேர்ந்தெடுத்து, அவர்களிடம் கண்ட பண்புகளை உயர்ந்த மனிதனின் இலக்கணம் என்று சொல்வது வட்டத்துக்குள் சுற்றுவதாகும். அதுவும் ஆய்வு சிறிய எண்ணிக்கையினரைப் பற்றியது. மாஸ்லோவும் இதன் முறையியல் குறையை ஒப்புக்கொண்டார்.

ஆனால் பெயர்ப் பட்டியலை ஒதுக்கிவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதில் சாரம் இருக்கிறது. பற்றாக்குறையால் எழும் ஊக்கம் கிடைத்ததும் அடங்கிவிடும். வளர்ச்சியால் எழும் ஊக்கம் கிடைக்கக் கிடைக்கப் பெருகும். பசித்தவனுக்குச் சோறு போட்டால் போதும் என்பான். தவில் கற்றுக்கொள்பவன் போதும் என்று சொல்ல மாட்டான். முதல்தரமான ரசம் இரண்டாந்தர ஓவியத்தைவிடப் படைப்பாற்றல் மிக்கது என்ற பொருளில் மாஸ்லோ ஓரிடத்தில் சொன்னார் (அவர் சொன்னது சூப், நமக்கு ரசம்).

திருவண்ணாமலையில் ரமண மகரிஷி சொன்ன ஆத்ம ஞானமும் இதுவும் ஒன்றா?

1989 வரை திருவண்ணாமலை, வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டத்திலேயே இருந்தது. அதனாலோ என்னவோ இந்தக் கேள்வி எழாத வகுப்பே இல்லை. இரண்டும் ஒன்றல்ல. ‘நான் யார்’ என்ற விசாரணை, நான் என்று எழும் அந்த எண்ணத்தின் மூலத்தைத் தேடி அதை அடங்கச் செய்வது. மாஸ்லோவின் தன்மலர்ச்சியோ, இந்தத் தனி மனிதனுக்குரிய திறமைகளை வளர்த்து வெளிக்கொணர்வது. ஒன்றில் ‘நான்’ கரைகிறது, மற்றொன்றில் ‘நான்’ பூக்கிறது. தம் கடைசி ஆண்டுகளில் மாஸ்லோ, தன்மலர்ச்சிக்கும் அப்பால் தன்னைக் கடந்து நிற்கும் நிலை ஒன்று உண்டு என்று எழுதத் தொடங்கினார். இரு வழிகளும் சற்று நெருங்கி வருவது அங்கேதான். அதற்கு மேல் ஒற்றுமை தேடுவது இருவருக்கும் நியாயம் செய்வதாகாது.

கார்ல் ரோஜர்ஸ் மாஸ்லோவிலிருந்து எங்கே வேறுபடுகிறார்?

மாஸ்லோ எழுதியவர், ரோஜர்ஸ் எதிரே உட்கார்ந்து கேட்டவர். 1902இல் இல்லினாய் மாநிலத்தில் கண்டிப்பான சமயப்பற்றுள்ள குடும்பத்தில் பிறந்து, பண்ணையில் வளர்ந்து, கல்லூரியில் முதலில் வேளாண்மை படித்தவர். அவருடைய உவமைகளில் மண்வாசனை இருப்பது அதனால்தான். குளிர்காலத்துக்காக வீட்டின் நிலவறையில் சேமித்த உருளைக்கிழங்குகள், சிறு சன்னல் வழியே வந்த மங்கலான ஒளியை நோக்கி வெளிறிய முளைகளை இரண்டு மூன்றடி நீளத்துக்கு நீட்டியதைச் சிறுவயதில் கண்டதாக எழுதியிருக்கிறார். அவை செடியாகப் போவதில்லை. இருந்தும் ஒளியை நோக்கிய முயற்சியை விடவில்லை. மிகவும் சிதைந்த வாழ்க்கையைக் கொண்டு தம்மிடம் வந்தவர்களிடமும் இதே உந்துதலைக் கண்டதாக அவர் கூறினார். ஆளுமைக்கு அடிப்படையான ஒரே ஊக்கம் இந்த வளர்ச்சி நாட்டம்தான் என்பது அவர் கொள்கை. அவரிடம் தேவைகளின் ஏணி இல்லை.

ராச்செஸ்டர் நகரில் குழந்தை ஆலோசகராக இருந்தபோது நடந்த ஒரு நிகழ்ச்சியை அவரே விவரித்திருக்கிறார். முரண்டு பிடிக்கும் ஒரு சிறுவனின் தாயிடம், அவர் மகனைச் சிறுவயதில் ஒதுக்கியதே காரணம் என்பதை உணர்த்தப் பல அமர்வுகள் பாடுபட்டும் பயனில்லை. கடைசியில் முயற்சியை நிறுத்திக்கொள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு, அந்த அம்மையார் கதவு வரை போய்விட்டுத் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து தம் மணவாழ்க்கையின் துயரத்தைக் கொட்டினார். எது வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அறிந்தவர் வந்தவரே என்ற பாடத்தை ரோஜர்ஸ் அன்று கற்றார்.

அதனால்தான் அவர் ‘நோயாளி’ என்ற சொல்லை விலக்கினார். நமக்கு இங்கே ஒரு சொல் தட்டுப்பாடு இருக்கிறது. ‘கட்சிக்காரர்’ என்றால் வக்கீல் அலுவலகம், ‘வாடிக்கையாளர்’ என்றால் மளிகைக்கடை. மருத்துவமனையைச் சுற்றி வங்காளத்திலும் வடகிழக்கிலும் இருந்து வந்தவர்கள் தங்கும் லாட்ஜுகள் நிறைந்த வேலூரில், ஆலோசனைக்கு வருபவர் எவரும் தம்மைப் ‘பேஷண்ட்’ என்றே சொல்லிக்கொள்கிறார். ‘நாடி வருபவர்’ என்பதை நான் பயன்படுத்துகிறேன்.

ரோஜர்ஸின் ஆளுமைக் கோட்பாட்டில் ‘மதிப்புக்கான நிபந்தனைகள்’ என்பது என்ன?

குழந்தைக்கு அன்பும் ஏற்பும் வேண்டும். அந்த அன்பு ‘நீ இப்படி இருந்தால்தான்’ என்ற நிபந்தனையுடன் வரும்போது, குழந்தை தன் அனுபவத்தைக் காட்டிலும் அந்த நிபந்தனையை நம்பத் தொடங்குகிறது. நாளடைவில் தான் உண்மையில் உணர்வது ஒன்றாகவும், தன்னைப்பற்றி வைத்திருக்கும் கருத்து வேறொன்றாகவும் பிரிகின்றன. அந்த இடைவெளி அகலும்போது பதற்றமும் தற்காப்பும் வளர்கின்றன.

இந்த ஊரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேர் ‘டாக்டராகாவிட்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது’ என்று வாழ்கிறார்கள் என்பது பெற்றோர்க்கும் தெரியும். நீட் பயிற்சிக்கு இரண்டாம் முறை போய்வந்த ஒரு மாணவர், உயிரியல் பிடிக்குமா என்று நான் கேட்டதற்கு, ‘பிடிக்கணும் சார்’ என்றார். பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ சொல்லவில்லை. ரோஜர்ஸ் பல பக்கங்களில் விளக்கியதை அந்த ஒரு சொல் விளக்கிவிட்டது.

அவர் சொன்ன மூன்று நிபந்தனைகள் யாவை?

1957ஆம் ஆண்டுக் கட்டுரையில், ஒருவரது ஆளுமை மாற்றத்துக்குத் தேவையானவையும் போதுமானவையுமான ஆறு நிபந்தனைகளைத் தந்தார்; அவற்றுள் ஆலோசகரைச் சார்ந்த மூன்று புகழ்பெற்றன. முதலாவது, ஆலோசகர் உள்ளொன்று புறமொன்றாக இல்லாதிருத்தல். இரண்டாவது, நாடி வருபவரை நிபந்தனையின்றி மதித்தல். மூன்றாவது, அவருடைய உலகத்தை அவர் கண்ணால் கண்டு, அதே வேளையில் அதில் தான் மூழ்கிப்போகாமல் இருக்கும் ஒத்துணர்வு. இரக்கத்துக்கும் ஒத்துணர்வுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ‘ஐயோ பாவம்’ என்பது இரக்கம். அதில் சொல்பவர் மேட்டிலும் கேட்பவர் பள்ளத்திலும் இருக்கிறார்கள்.

ரோஜர்ஸ் வெறும் நல்லெண்ணக்காரர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆலோசனை அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, பிறர் ஆராயக் கொடுத்த முன்னோடிகளில் அவர் ஒருவர்.

நிபந்தனையின்றி மதித்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?

மதிப்பது ஆளை, அவர் செய்யும் ஒவ்வொன்றையும் அல்ல. தம்பியை அடித்த பிள்ளையைத் தடுக்கத்தான் வேண்டும். ‘உனக்குக் கோபம் வந்தது தெரிகிறது, ஆனால் அடிக்க விடமாட்டேன்’ என்பதற்கும் ‘நீ உருப்பட மாட்டாய்’ என்பதற்கும் உள்ள தூரம்தான் இங்கே பேசப்படுகிறது.

தனி மனிதனை இவ்வளவு தூக்கிப்பிடிக்கும் கொள்கை கூட்டுக் குடும்ப மண்ணுக்குப் பொருந்துமா?

இது நியாயமான விமர்சனம். நம்மவர்கள் மட்டுமல்ல, மேலைநாட்டு ஆய்வாளர்களும் எழுப்பியது. தன்மலர்ச்சியை உச்சியில் வைத்தது, தனி மனித விடுதலையைப் பெரிதாகக் கொண்ட அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் விருப்பத்தையே பொதுவிதியாக்கியது என்று சொல்வதில் உண்மை உண்டு. தங்கையின் திருமணம் முடியும் வரை தன் திருமணத்தைத் தள்ளிப்போடும் அண்ணன், நம் கண்ணுக்கு வளர்ச்சி குன்றியவர் அல்லர்.

ஆயினும் கொள்கையையே தள்ளிவிட வேண்டியதில்லை, நடைமுறையை மாற்றிக்கொள்ளலாம். பாகாயத்தில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மனநல மையத்தில், சிகிச்சை பெறுபவருடன் குடும்பத்தினரும் உடன் தங்கும் முறை பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. இங்கே ‘நாடி வருபவர்’ பெரும்பாலும் ஒருவராக வருவதில்லை. அம்மா, மாமா, சில வேளைகளில் பக்கத்து வீட்டு அத்தை என்று ஒரு கூட்டமாகவே வருகிறார்கள். கேட்கும் திறமை அத்தனை பேருக்கும் பங்கிட வேண்டியதாகிறது. என் அனுபவத்தில் கடினமானது, அண்ணனின் தியாகத்தைப் பாராட்டுவதும், அதை அவர் விரும்பித்தான் செய்தாரா என்று கேட்பதற்கு இடம் விடுவதும் ஆகிய இரண்டையும் ஒருசேரச் செய்வதுதான்.

ஆம்பூர், இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் இவற்றால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் மேலாளர்கள் எதிர்பார்க்கும் விதத்தில் அல்ல. ‘டார்கெட்’ எட்ட எந்தத் தேவையை எவ்வளவு தூண்ட வேண்டும் என்ற சூத்திரத்தை மாஸ்லோ தரவில்லை.

இங்கே மூன்று பெயர்களை அறிந்திருப்பது நல்லது. 1959இல் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், வேலையில் மனக்குறையை உண்டாக்கும் காரணங்களும் மனநிறைவைத் தரும் காரணங்களும் வேறுவேறு என்றார். கம்பெனி பஸ் நேரத்துக்கு வருவது, மின்விசிறி ஓடுவது, சம்பளம் தாமதமாகாதது ஆகியவை இல்லாவிட்டால் குறை எழும். இருந்துவிட்டால் மட்டும் ஊக்கம் பிறக்காது. செய்த வேலைக்கு அங்கீகாரமும் பொறுப்பும் வளர்ச்சியும் ஊக்கம் தருபவை. 1960இல் டக்ளஸ் மெக்கிரகர், தொழிலாளி இயல்பிலேயே சோம்பேறி என்று கருதும் மேலாண்மையை எக்ஸ் கோட்பாடு என்றும், அவர் பொறுப்பேற்க விரும்புபவர் என்று கருதுவதை ஒய் கோட்பாடு என்றும் பெயரிட்டார். மாஸ்லோவின் தாக்கம் இதில் நேரடியானது. எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிர்க்கட்டைகளை அடுக்குவதற்குப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றதும் ஓய்வு நேரத்தில் அவற்றைத் தொடுவது குறைந்தது. பின்னர் ரிச்சர்ட் ரையனுடன் சேர்ந்து அவர் வளர்த்த கோட்பாடு, தன்விருப்பம், திறமை, உறவு ஆகிய மூன்றையும் அடிப்படை மனத்தேவைகள் என்கிறது.

ஒரு பயிற்சி வகுப்பில், தையல் ‘லைனில்’ பதினோரு ஆண்டு வேலை செய்த பெண் ஒருவரைப் பற்றி மேற்பார்வையாளர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார்: ஊக்கத்தொகை கொடுத்தும் ஆர்வம் காட்டுவதில்லையாம். ஊசி அடிக்கடி உடைவதற்கான காரணத்தை அவர் இரண்டு முறை சொன்னதும், யாரும் காதில் வாங்காததும் பேச்சுவாக்கில் பிறகுதான் வெளியே வந்தன. டெசியின் சோதனையை அந்த வகுப்பில் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

மானுடவாதி அல்லாத, ஆனால் ஊக்கம் பற்றி ஆராய்ந்த டேவிட் மெக்லெல்லண்டையும் இங்கே சொல்லலாம். அவர் குழுவினர் 1964இல் தொடங்கி ஆந்திராவின் காக்கிநாடாவில் சிறுதொழில் முனைவோருக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் புதிய தொழில் தொடங்குவதிலும் முதலீட்டிலும் மற்றவர்களை விஞ்சியதாக முடிவுகள் காட்டின.

இக்கோட்பாடுகளுக்கு ஆய்வுச் சான்று உண்டா?

சமமாக இல்லை. மாஸ்லோவின் வரிசைக்குச் சான்று மெலிவானது. 1976இல் வாபாவும் பிரிட்வெல்லும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, படிநிலைக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. 2011இல் லூயிஸ் டேயும் எட் டீனரும் 123 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்தார்கள். மாஸ்லோ சொன்னவற்றை ஒத்த தேவைகள் உலகெங்கும் மனநலத்தோடு தொடர்புடையவையே. ஆனால் கீழ்த்தேவை நிறைவேறாத நிலையிலும் உறவும் மதிப்பும் மகிழ்ச்சியைத் தருகின்றன என்று கண்டார்கள். குடியாத்தம் தாய்மார்களுக்கு இது செய்தியாக இருக்காது.

ரோஜர்ஸின் நிலை இதைவிட உறுதியானது. ஆலோசகரின் ஒத்துணர்வும் இருவருக்கும் இடையே உருவாகும் உறவும் நல்ல விளைவுடன் தொடர்புடையவை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நிபந்தனைகள் மட்டுமே எல்லாருக்கும் போதும் என்ற அவரது கூற்றைத்தான் இன்று பலர் ஏற்பதில்லை. கடும் மனச்சோர்வு, மனச்சிதைவு போன்றவற்றுக்கு மருத்துவரும் மருந்தும் தேவை. உடனடி உதவிக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது.

வீட்டில் முயன்று பார்க்க ஏதேனும் ஒன்று சொல்ல முடியுமா?

ரோஜர்ஸ் 1951இல் ஓர் உரையில் சொன்ன எளிய விதி ஒன்று இருக்கிறது. வாக்குவாதத்தில், எதிரே இருப்பவர் சொன்னதை, அவர் ‘ஆம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே உங்கள் பதிலைச் சொல்லலாம். கேட்க எளிது.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஒரு தாயையும் மகனையும் இதைச் செய்யச் சொன்னேன். மகன், ‘எனக்கு இந்தப் படிப்பு வேணாம்’ என்றான். தாய் என்னைப் பார்த்து, ‘சோம்பேறியா வீட்ல இருக்கேன்னு சொல்றான் சார்’ என்றார். மகன் தலையை ஆட்டி மறுத்தான். ‘எங்க பேச்சைக் கேக்க மாட்டேன்னு சொல்றான்.’ மறுபடியும் மறுப்பு. சிறிது நேரம் அவர் சும்மா இருந்துவிட்டு, ‘படிக்கறதே வேணாங்கல, இது வேணாங்கறான்’ என்றார். ‘ஆமாம்மா’ என்றான். பிறகு அவன் முறை வந்தது. அம்மா நகையை அடகு வைத்த கதையைச் சொன்னார். அதைத் திருப்பிச் சொல்ல அவனுக்கு நான்கு முறை ஆயிற்று.